மூன்றாவது வில்

முதல் வில்லை நாகு தின்றுவிட்டாள்.

அது கரும்பு. மாசி மாதத்துக் காமன் கூத்தில் மன்மதன் கையில் கரும்பு வில்லைப் பார்த்துவிட்டு வந்து, ஐந்து வயதுப் பிள்ளை மூன்று நாள் விடாமல் கேட்டது. அப்பா முத்துலிங்கம் கொட்டகலைக்குப் போய் மெல்லிய கரும்பாகத் தேடி வாங்கி, வளைத்துக் கட்டிக் கொடுத்தான். மறுநாள் அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் சக்கையும் நூலும் கிடந்தன.

"அம்பு எங்கம்மா?"

"அதையும் தின்னுட்டேன்."

இரண்டாவது வில், கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிய தேயிலை மிளாறு, வெட்டிப் போட்ட கிளை. காய்ந்த மிளாறு வளையாது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். முத்துலிங்கத்துக்குத் தெரியவில்லை. அவன் கடைவீதியில் பிறந்தவன். ஹட்டனில் காலேஜ் படித்தவன். ஏழு வருஷமாகத் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர். மிளாறு பாதி வளைந்து படீரென்று முறிந்து அவன் கண்ணுக்குக் கீழே அடித்தது.

பத்து வீடும் ஒரே கூரையில் ஒட்டி நிற்கும் லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் ஐந்தாவது காம்பராவில் ஆயுசு நூறு என்பார்கள். மறுநாள் காலை, பக்கத்துக் காம்பரா வேலாயி கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"பாப்பா வில்லுதானே கேட்டுச்சு மாஸ்டர். ஒங்கள யாரு அடிச்சது?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான். எட்டு மாதமாக அவன் யாருக்கும் அதிகம் பதில் சொல்வதில்லை.

மனைவி பூரணி இறந்து எட்டு மாதம். அவளும் கொழுந்துக்குப் போனவள்தான். அவனாக விரும்பிக் கட்டிக்கொண்டவள். ஆனாலும் வேலை விட்டு வந்தால் கூடையையும் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அவன் அப்படிச் சொன்னதில்லை. மாஸ்டர் வீட்டுக்குள் அதெல்லாம் இருப்பது அவனுக்குப் பிடிக்காது என்று அவளாகவே தெரிந்துகொண்டாள். அவள் போனபின் அந்தச் சாமான்களை யாரோ எடுத்துப் போனார்கள். அவன் கேட்கவில்லை.

நாகு சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் வேலாயியிடம். எட்டு மாதத்தில் அவள் அப்பாவிடம் வாய் திறந்து கேட்டது இந்த வில் ஒன்றுதான். அதைக்கூடச் செய்யத் தெரியாவிட்டால் இனி எதையும் கேட்கமாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பு கண்ணில் பட்டது. இரண்டு காம்பராவுக்கும் நடுவில், கூரை இறக்கத்தில் செருகியிருந்தது. கித்துள் மரத்தில் சீவிய கம்பு. விரல் பருமன், நல்ல நீளம், கைபட்டு வழவழவென்று இருந்தது. யாரோ விறகுக்குச் செருகி மறந்திருக்கிறார்கள் என்று நினைத்தான். அளவாக வெட்டினான். இரண்டு நுனியிலும் காடி போட்டுச் சணல் கயிற்றை முறுக்கிக் கட்டினான். கம்பு சொன்னபடி கேட்டது. ஈர்க்கு அம்பு லயத்தின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை போனது.

நாகு சிரித்தாள். "அப்பா செஞ்சது, அப்பா செஞ்சது" என்று பத்துக் காம்பரா வாசலிலும் சொல்லிக்கொண்டு ஓடினாள். அன்று ராத்திரி அவனிடம்தான் படுத்தாள், வில்லோடு.

திங்கட்கிழமை சாயங்காலம் சுவருக்கு அப்பால் வேலாயியின் குரல் கேட்டது. அவளுடைய மட்டக்கம்பைக் காணவில்லை. செடியின் மேல் கிடையாகப் போட்டு, அதற்கு மேலே நிற்கும் தளிரை மட்டும் கிள்ளுவதற்கான கம்பு அது. கம்பில்லாமல் பறித்ததில் செடியெல்லாம் மேடும் பள்ளமுமாகிவிட்டதாம். மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை அத்தனை பேர் முன்னிலையில், இது கொழுந்து பறித்த மலையா, மாடு மேய்ந்த மலையா என்று கேட்டாராம்.

"அடையாளம் இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லாம? நடுவுல மூணு கோடு, வரிசையா சுட்டிருக்கும்."

முத்துலிங்கம் தூங்கிப்போயிருந்த பிள்ளையின் கையைப் பார்த்தான். அவள் பிடித்திருந்த இடத்துக்கு மேலே மூன்று கறுப்புக் கோடு இருந்தது. ஏழு வருஷம் தோட்டத்தில் இருந்தும் மட்டக்கம்பு எது என்று தெரியாதவன் அந்த மலையில் அவன் ஒருவன்தான்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சுவர்தான் நடுவில். ஆனால் சொன்னால் வில் போய்விடும். கம்பு திருடிய மாஸ்டர் என்று பெயர் வரும். அதோடு, மட்டக்கம்பை விறகு என்று நினைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் மிகவும் கூசியது. உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, பிள்ளை விழிக்காமல், மூன்று கோட்டையும் சுரண்டித் தள்ளினான். அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

அவளுக்கு வேறு கம்பு கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தான். வியாழக்கிழமை கொட்டகலைத் தச்சனிடம் அதே நீளத்தில் ஒன்று வாங்கினான். புதுக் கம்பு, வெள்ளை வெளேர் என்று இருந்தது. பழையதாகத் தெரியட்டும் என்று அடுப்புக் கரியையும் தேங்காயெண்ணெயையும் குழைத்துப் பூசினான். அவளுடையதுதான் திரும்பி வந்தது என்று நினைக்கட்டும் என்று கம்பியைக் காய்ச்சி மூன்று கோடு சுட்டான். வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் அவள் வாசற்படியில் வைத்துவிட்டு வந்து படுத்தான்.

ஆயிரம் யோசித்தவன் ஒன்றை யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியலில், வாசற்படியில், கரியும் எண்ணெயும் பூசிய கம்பு.

வேலாயி வைத்த ஓலத்தில் லயமே எழுந்தது. செய்வினை என்று முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை, எல்லோரும் சொன்னார்கள். கோயில் பூசாரி மூக்கன் எலுமிச்சம்பழத்தோடு வந்து, நான்கடி தள்ளி நின்று குனிந்து பார்த்தார்.

"மூணு கோடு. மூணு உசுருக்குக் குறி வச்சிருக்கான்," என்றார்.

பத்துக் காம்பராவிலும் ஆட்களை எண்ணினார்கள். மூன்று பேருக்குக் குறைந்த குடும்பங்கள் கொஞ்சம் நிம்மதி அடைந்தன.

முத்துலிங்கம் வெளியே வந்து, இது வெறும் கம்பு, மரத்துக்கு யாரையும் கொல்லும் சக்தி கிடையாது என்று சுருக்கமாகச் சொன்னான். அப்படியானால் மாஸ்டரே அதை எடுத்து எறியட்டும் என்றார்கள். எடுத்தான். கையெல்லாம் கரி. ஆற்றில் எறிந்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"கையால தொட்டாரு பாருங்க. படிச்சவரு படிச்சவருதான்," என்று அவன் காதுபடச் சொன்னார்கள். மூக்கன் அன்று மத்தியானம் வேலாயியிடம் ஒரு சேவல் வாங்கிக்கொண்டு, செய்வினை போகக் கழிப்புக் கழித்தார்.

பிரச்சினை அதோடு நிற்கவில்லை. கம்பைத் திருடியவன்தான் இதையும் வைத்திருக்க வேண்டும் என்று தோட்டத் தலைவர் அழகன் முடிவு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் லயத்து ஆட்கள் எல்லோரும் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பெயர்ப் பட்டியல் எழுத மாஸ்டரிடம் வந்தார். முத்துலிங்கம் முப்பத்திரண்டு பெயர் எழுதினான். முப்பத்து மூன்றாவதாகத் தன் பெயரை எழுதப் போனபோது தலைவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எதுக்குங்க? எங்க பிரஜாவுரிமை மனுவெல்லாம் எழுதுனவரு. நீங்க சூடத் தட்ட மட்டும் புடிங்க. ஒங்க கையில இருந்தா ஒரு பயலும் பொய் சொல்லமாட்டான்."

ஞாயிறு வந்தது. மூக்கன் மணியடித்தார். முத்துலிங்கம் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாகு வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் வேட்டியைப் பிடித்தபடி நின்றாள்.

முப்பத்திரண்டு பேரும் அடிப்பதற்கு முன்னால், பறிகொடுத்தவள் அடிக்க வேண்டும் என்றார் தலைவர். அதுதான் முறை.

"கம்பு என்னுதுதான்னு சொல்லி அடி வேலாயி."

வேலாயி கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. சூடம் எரிந்துகொண்டிருந்தது. தலைவர் இன்னொரு தரம் சொன்னார். அவள் உதடு ஏதோ முனகியது, கை இறங்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

முத்துலிங்கம் அதைப் பார்த்தான். ஒரு வாரமாகக் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு, செய்வினைப் பயம், ஒரு சேவல். அவன் பிள்ளைக்கு எட்டு மாதம் சோறு போட்டவள், அவனால் சாமி முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். தட்டுச் சூடு விரலில் ஏறியது. அதை மாற்றிப் பிடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"அடிக்க வேணாம். கம்ப எடுத்தது நான்."

மணி நின்றது.

பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கும் பிள்ளையைப் போல எல்லாவற்றையும் சொன்னான். விறகு என்று நினைத்தது, வெட்டியது, மூன்று கோட்டையும் கண்ணாடியால் சுரண்டியது, வெள்ளிக்கிழமைக் கம்புக்குக் கரி பூசியது. சொல்லச் சொல்லக் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. தலைவர் பெயர்ப் பட்டியலை நாலாக மடித்தார். மூக்கன், அந்தச் சேவலை ஏற்கெனவே குழம்பு வைத்துவிட்டவர், கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

முத்துலிங்கம் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையிடம் குனிந்தான்.

"வில்லக் குடும்மா."

"அப்பா செஞ்சது," என்றாள் நாகு. ஆனாலும் கொடுத்தாள்.

அவன் அதை இரண்டு கையாலும் நீட்டினான். வேலாயி வாங்கி, நடுவில் வெளுத்திருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள். அதற்குள் சூடம் தானாகவே அணைந்துவிட்டது.

பிறகு வில்லைப் பிள்ளையின் தோளிலேயே மாட்டிவிட்டாள். தலையைத் தூக்காமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பூரணி போன அன்னிக்கு அவ கம்ப ஒங்களக் கேக்காம எடுத்துக்கிட்டது நான்தாங்க மாஸ்டர், நீங்க, அவ, பாப்பா, மூணு பேருன்னு அவதான் அந்த மூணு கோடும் சுட்டு வச்சிருந்தா."