இரண்டு கட்டு விடைத்தாள்

சிவப்புப் பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஓடும் அந்தச் 'சர்ர்' இன்றும் என் காதில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஏதோ ஒரு பிள்ளைக்குப் பூஜ்யம் போட்ட சத்தம் அது. அவர் ஆங்கில வாத்தியார். துறைத் தலைவர் பதவிக்குக் காத்திருந்தவர். நானும் ஆங்கிலம் படித்தவள்தான். "வீட்டுக்கு ஒரு இங்கிலீஷ் போதும்" என்று பதினோரு வருடம் என்னை வீட்டிலேயே உட்காரவைத்துவிட்டார்.

அந்த வருடம் இரண்டு கட்டு விடைத்தாள் வந்தது. ஒன்றைத் திருத்தி முடித்ததும் அவருக்குக் கழுத்து வலி.

"இன்னொண்ணை நீ திருத்திடு. யாருக்கும் தெரியக்கூடாது. ப்ராப்பர் நவுனுக்கெல்லாம் அடிக்கோடு போடணும், அதான் கேள்வி. பெரிய எழுத்துல ஆரம்பிச்சா ப்ராப்பர், சின்ன எழுத்துன்னா காமன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ப்ராப்பர் நவுன் என்றால் ஆள், ஊர் மாதிரி ஒன்றுக்கே உரிய தனிப்பெயர்; எழுத்தின் அளவு அல்ல.

"ஏங்க, வாக்கியத்தோட முதல் வார்த்தை எதுவானாலும் பெரிய எழுத்துதானே? 'டாக்ஸ் பார்க்'னு ஆரம்பிச்சா, உலகத்து நாய்க்கெல்லாம் பேர் வச்சாச்சா?"

"வாத்தியார் நானா, நீயா?"

"நீங்கதாங்க."

என் கட்டை நான் சரியாகத் திருத்தினேன். ஒவ்வொரு தப்புக்கும் ஓரத்தில் காரணமும் எழுதினேன்.

நான்காம் நாள் தலைமையாசிரியை இரண்டு கட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ன சார் இது? ஒரு கட்டுல சரியா எழுதின பிள்ளைங்களுக்கெல்லாம் முட்டை! பெத்தவங்க ஸ்கூல் வாசல்ல நிக்கிறாங்க."

இவர் முகம் வெள்ளைச் சுவராயிற்று. உடனே விரல் என் பக்கம் நீண்டது.

"மேடம், அது இவ திருத்தினது!"

சொல்வார் என்று தெரியும். இவ்வளவு வேகமாகச் சொல்வார் என்றுதான் நினைக்கவில்லை.

"எந்தக் கட்டும்மா உங்களுது?"

"ஓரத்துல காரணம் எழுதியிருக்கு பாருங்க, அது."

தலைமையாசிரியை புரட்டினார். சுவரில் நான் எழுதி ஒட்டியிருந்த சாமான் பட்டியலைப் பார்த்தார். அதே கையெழுத்து. அந்தக் கட்டைத் திருத்தியதில் ஒரு தப்பும் இல்லை; முட்டையெல்லாம் மற்றக் கட்டில்தான்.

"படிக்காதவங்ககிட்ட கொடுத்தீங்கன்னு நினைச்சேன் சார்."

"ஐயோ மேடம், யார் சொன்னா? இவ காலேஜ்ல தங்க மெடல்! அதை நம்பித்தானே கொடுத்தேன்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"அப்ப இவங்க ஏன் வீட்டுல இருக்காங்க?" என்றார் தலைமையாசிரியை.

அடுத்த பருவத்தில் அதே பள்ளியில் சேர்ந்தேன். ஏழாம் வருடம் துறைத் தலைவி ஆனேன். ஓய்வு பெறும்வரை என் வீட்டுக்காரர் லீவு லெட்டரை என்னிடம்தான் கொடுத்தார்.