அப்பா படுத்திருக்கும் இடம் பற்றி

கிழக்குத் தாம்பரம்
20-11-1990

கர்த்தருக்குள் பிரியமான தம்பி சுந்தர்சிங்குக்கு அண்ணன் ஜெபசீலன் எழுதிக்கொண்டது. தேவ கிருபையால் இங்கே நானும் உன் அண்ணியும் அம்மாவும் சுகம். பிலாயில் நீயும் குடும்பமும் சுகமாக இருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதைக் கட்டிக்கொள். கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று போன வருஷமே விவரமாக எழுதியிருக்கிறேன்.

இதை உட்கார்ந்து படி. செய்தி நல்ல செய்திதான். ஆனால் அதற்கு வருவதற்குள் உன் அண்ணனைப் பற்றி நீ கொஞ்சம் தரக்குறைவாக நினைக்க வேண்டியிருக்கும்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஓர் அறிவிப்பு வாசித்தார். நம் ஊர்க் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் இனி இடம் இல்லையாம். கோவிலம்பாக்கம் பக்கம் வயலெல்லாம் மனையாகிச் சபையில் புதுக் குடும்பங்கள் பெருகிவிட்டன. அவர்களும் மனிதர்கள்தானே, சாகத்தானே செய்வார்கள். ஆகவே பெயர்க்கல் இல்லாத பழைய குழிகளைத் திரும்பத் தோண்டுவதென்று கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. சொந்தக்காரர்கள் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்குள் வந்து இடத்தைக் காட்டிக் கல் நட்டுக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குக் கல் ஏது? அறுபத்திரண்டில் நட்ட மரச்சிலுவையைக் கரையான் எப்போதோ தின்று ஏப்பம் விட்டுவிட்டது. அம்மாவுக்கோ இந்த எண்பத்திரண்டு வயதில் இருக்கிற ஒரே ஆசை, போனால் அப்பா பக்கத்தில் படுக்க வேண்டும் என்பது. ஒவ்வொரு முறை இருமும்போதும் அதைச் சொல்கிறாள். அப்பா குழியில் வேறு யாரையாவது வைத்துவிட்டால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

இருந்தாலும் நான் பதறவில்லை. இடம்தான் தெரியுமே என்று தைரியம். அம்மா இடுப்பு ஒடிந்து நடமாட்டம் குறைந்த பத்து வருஷமாக நான்தான் போகிறேன். வேப்பமரத்துக்குக் கிழக்கே மூன்றாவது குழி என்று அவள் சொன்ன அடையாளப்படி புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து என் பென்ஷன் தாமதத்திலிருந்து உன் அண்ணியின் மீன்குழம்பு வரைக்கும் எல்லாவற்றையும் அப்பாவிடம் மனம்விட்டுச் சொல்லிவிட்டு வருவேன். உயிரோடு இருந்தவரை என்னை ஒரு வாக்கியம் முழுசாகப் பேச விட்டதில்லை அந்த மனிதர். கல்லறையில்தான் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே நன்றாக இருந்தது.

அக்டோபரில் ஒரு நாள் சுண்ணாம்பு வாளியோடு போனேன். மதிலோரம் புங்கமரத்தடியில் இன்னொரு குழி உண்டு. அதில் எப்போதும் குங்குமமும் எலுமிச்சம்பழமும் கிடக்கும், ஒரு கட்டுப் பிரம்பும் சாத்தியிருக்கும். யாரோ பாவம் குழம்பிப் போனவர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அன்று அங்கே வெள்ளை வேட்டியில் ஒரு பெரிய மனிதர் நின்றார். பல தலைமுறையாக அந்த ஊர்க்காரர், பெயர் பொன்னுரங்கம், ரைஸ் மில் வைத்திருக்கிறார்.

"நீ ஹெட்மாஸ்டரு புள்ளதான? இன்னா சார் இது, உங்கப்பாரு இங்க கீறாரு, நீ அங்க யாருக்கோ சுண்ணாம்பு அடிச்சிகினு கீறே?"

"பத்து வருஷமாக அடிக்கிறேன்" என்றேன்.

"நானுந்தான் பத்து வர்சமா பாத்துகினு கீறேன். யாரோ வேண்டப்பட்டவங்க போலன்னு வுட்டுட்டேன்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அப்பாவிடம் ஐந்தாங்கிளாஸ் வரை அடி வாங்கியவராம். அந்த அடியால்தான் மனுஷன் ஆனேன் என்று இவரும் இவர் கூட்டாளிகளும் மாசி பங்குனியில் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளை அங்கே கூட்டி வந்து, ஹால் டிக்கெட்டைக் குழிமேல் வைத்து, புதுப் பிரம்பு ஒன்று காணிக்கை சாத்துகிறார்களாம். பெயர் வாத்தியார் சாமி. வந்த பிள்ளை ஒன்றுகூட இதுவரை ஃபெயில் ஆனதில்லையாம். "நல்லாத் தெரியுமா?" என்று இழுத்தேன். "அந்த அடமழையில குழி வெட்ட ஆள் இட்டாந்தவனே நான்தான், எனக்குத் தெரியாதா?" என்றார். நான் என்ன பேச முடியும்? அப்பா போனபோது எனக்குக் குண்டக்கல்லில் ரயில்வே வேலை. தந்தி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நீயும் பிலாய் இரும்பாலையில். அம்மாவிடம் கேட்கலாம்தான். ஆனால் பெற்ற அப்பன் குழி தெரியாமல் பத்து வருஷம் ஊர் பேர் தெரியாத ஆளிடம் குடும்ப ரகசியம் பேசினேன் என்று எந்த வாயால் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

கமிட்டிக் கூட்டத்தில் பாஸ்டர் குங்குமத்தைப் பார்த்துக் கொதித்தார். பொன்னுரங்கம் நாற்பது பேரோடு வந்து கைகட்டி நின்றார். "குங்குமத்த நாங்களே தொடச்சிட்றோம் சாமி, குழியத் தொடாதீங்க" என்றார். அந்த நாற்பது பேரில் ஒருவர்கூட நம் சபை இல்லை. அடுத்த வாரமே பல்லாவரத்துக் கருங்கல்லை மெருகேற்றி, ஹெட்மாஸ்டர் ஞானமுத்து என்று பெயர் வெட்டி, டிராக்டரில் ஏற்றி வந்து அவரே நின்று நட்டார். தம்பி, நான் அழுதுவிட்டேன். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் ரயிலையும் இரும்பையும் கட்டிக்கொண்டு அழுதபோது, அடி வாங்கிய பிள்ளைகள் அப்பாவைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இந்த நன்றியை எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பது?

புங்கமரத்தடியில் அம்மாவுக்கும் பக்கத்திலேயே இடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வேப்பமரத்துக் குழிக்கும் எங்களுக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்று எழுதிக் கேட்டார்கள். நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது அந்த அந்நியரிடம், பத்து வருஷம் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ உடனே பொன்னுரங்கத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் போடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் அடுப்பையும் அலுவலையும் ஆசீர்வதிப்பாராக. பிள்ளைகளுக்கு அண்ணியின் முத்தங்கள்.

அன்புள்ள அண்ணன்,
ஜெபசீலன்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் பொன்னுரங்கம் கார் அனுப்பிவிட்டார், அம்மா கல்லைப் பார்க்கட்டும் என்று. அவள் கல்லைத் தடவிப் பார்த்தாள். "ரொம்ப நல்லாருக்குடா" என்றாள். பிறகு என் காதருகே, "ஆனா இதுல மணியடிக்கிற தாவீது இல்ல இருக்கான்?" என்றாள். அதே மழையில் அதே நாளில் கோயில் மணியடித்த தாவீதும் போனானாம். குழி இரண்டு வெட்டினார்களாம். வெட்ட ஆள் கொண்டுவந்த பொன்னுரங்கம் எந்தக் குழியில் யார் என்று நின்று பார்க்கவில்லை. வேப்பமரத்தடிக்கு என்னை நடத்திக்கொண்டு போய், மூலைகளில் கைத்தடியால் கிளறச் சொன்னாள். அப்பாவின் சிவப்பு மைப் புட்டிகள், தலைகீழாக, மூலைக்கு ஒன்று, நான்கும் இருந்தன. அடக்கம் முடிந்த எட்டாம் நாள் அவளே புதைத்தவை. நல்லவேளை, பொன்னுரங்கம் தூரத்தில் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அவர்கிட்ட சொல்லிடாதே. தாவீது மூணாங்கிளாஸ்லயே மூணு வருஷம் உக்காந்தவன், உங்கப்பா அவனைத் தேறவே விடல. இத்தனை பிள்ளைங்களைப் பாஸ் பண்ண வெச்சிட்டானே, ஹெட்மாஸ்டரா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். அடுத்துச் சாகிறவருக்கு இதைத் தோண்டிவிடுவார்களே என்று அழாத குறை. அம்மா கைத்தடியைத் திரும்ப வாங்கிக் குழிமேல் ஊன்றிக்கொண்டாள்.

"தோண்டட்டுமே. அடுத்தது நான்னு எழுதிக் குடு. பக்கத்துல எதுக்குடா? இருபத்தெட்டு வருஷமாச்சு, உள்ளயே ரெண்டு பேருக்கு எடம் இருக்கும்."

இன்று காலை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகையால் இந்தக் கடிதத்தில் நன்றியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளவும்.