பெட்டியும் என்ட நேர்மையும்

சுனாமி முடிஞ்சு ரெண்டாம் வருசம் நான் ஒரு சபதம் எடுத்தன். பெண்சாதிக்காக நீதி தவறமாட்டன்!

நான் யோகராசா. சுற்றாடல் பாடத்த எப்பிடிப் படிப்பிக்கோணும் எண்டு ரீச்சர்மாருக்கே சொல்லிக்குடுக்கிற ஆசிரிய ஆலோசகர். அலுவலகத்துக்கு ஒரு பெட்டி நன்கொடையா வந்திருந்திச்சு. உள்ளுக்க நுணுக்குக்காட்டி, கைவில்லை, வெப்பமானி. பெட்டி ஒண்டு, பள்ளிக்கூடம் நாற்பது. எல்லாத்திலயும் நல்ல பாடம் எழுதிற ரீச்சருக்குத்தான் பெட்டி எண்டு அறிவிச்சன். நடுவரும் நான்தான்.

வீட்ட வந்தா, சீதேவி ரீச்சர் வாசல்ல நிக்கிறா. என்ட பெண்சாதிதான்.

"இஞ்ச பாருங்க, எங்கட பள்ளிக்கூட ஆய்வுகூடத்தக் கடல் அள்ளிக்கொண்டு போயிற்று. புள்ளையள் நுணுக்குக்காட்டியக் கரும்பலகையில கீறித்தான் பார்க்குதுகள். பெட்டி எங்களுக்கு வேணும்."

"தந்தா ஊர் சிரிக்கும்!"

"நல்லா எழுதினாலும் தரமாட்டீங்களோ?"

"மாட்டன். பேர் போடாமத்தான் எழுதோணும். ஆனா உன்ட கையெழுத்து எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருசமா நீ கடைக்கு எழுதித்தாற சாமான் துண்டு வாசிக்கிறவன் நான்!"

"ஓம் ஓம், அரிச்சந்திரன்ட அண்ணன்! சோத்தச் சாப்பிடுங்க."

அவ்வளவுதான் சொன்னா. அப்பயே நான் பயந்திருக்கோணும்.

தீர்ப்பு நாள். மண்டபம் நிறைய ரீச்சர்மார். சீதேவிட கையெழுத்தில இருந்த தாளத் தூக்கிப் பிடிச்சன்.

"'சூழல் எனப்படுவது யாதெனில்' எண்டு தொடங்குது! வாசிச்சா வாத்தியாருக்கே நித்திரை வரும். இத எழுதினவருக்கு வாவி எந்தப் பக்கம் கிடக்கு எண்டே தெரியாது!"

சபை விழுந்து விழுந்து சிரிச்சுக் கைதட்டிச்சு. என்ட நேர்மைய நினைச்சு எனக்கே கண் கலங்கிற்று.

பிறகு எனக்குப் பிடிச்ச தாள எடுத்தன். "இதுதான் பாடம்! ஒவ்வொரு புள்ளையும் வீட்டுக் கிணத்துத் தண்ணி ஒரு போத்தல் கொண்டுவரோணும். சவுக்காரம் சீவிப்போட்டுக் குலுக்கி, நுரைய அடிமட்டத்தால அளக்கோணும். நுரைக்காத கிணத்தில கடலுப்பு இன்னும் கிடக்கா எண்டு தேடோணும். புள்ளையளே ஊர்ப் படத்தில புள்ளி வைக்கோணும். பெட்டி இந்தப் பாடத்துக்குத்தான்! ஆர் எழுதினது?"

பக்கத்து வீட்டு பிறெண்டா ரீச்சர் எழும்பினா.

"கையெழுத்து மட்டும்தான் என்ட, சேர். பாடம் சீதேவிட. அவ சொல்லச் சொல்ல நான் எழுதினன்."

சொன்ன சொல்ல விழுங்கேலுமா? குடுத்தன்.

வீட்ட போகக்குள்ள பெட்டி என்ட தலையில. சீதேவி கைய வீசிக்கொண்டு முன்னுக்கு நடக்கிறா. எனக்குப் பொறுக்கல்ல.

"அப்ப உன்ட கையால எழுதின அந்த உதவாத பாடம்?"

"அதுவா? சுனாமிக்கு முந்தி நீங்களே எழுதி எங்க எல்லாருக்கும் அச்சடிச்சுத் தந்த மாதிரிப் பாடம். சபை பின்ன எதுக்குக் கைதட்டினது எண்டு நினைச்சீங்க?"