நாற்பத்தொன்றில் ஒன்று என்னுடையது

லிங்கி, மலாயா,
12 ஆகஸ்ட் 1952

பெருமதிப்புக்குரிய பத்திராசிரியர் அவர்களுக்கு,

நமஸ்காரம். இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். தங்கள் இல்லத்திலும் அச்சகத்திலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். சென்ற ஞாயிறு அந்தக் கட்டுரையை எழுதியவரும் சுகமாகவே இருக்கட்டும்.

"ஹாலந்தில் குடியேறிய லிங்கித் தமிழர், சதுரங்க கிராண்ட்மாஸ்டர் அமிர்தலிங்கம்" என்று முழுப் பக்கம் போட்டீர்கள். இதே ரப்பர்த் தோட்ட ஆபீசில் எனக்கு எதிர் மேசையில் கணக்கெழுதிய கிராணி அவர். கப்பலேறினார், அங்கேயே தங்கினார், எட்டு நாட்டுக்காரர்களை ஜெயித்தார். சந்தோஷம். ஆனால் தபால் வழியே ஆடிய நாற்பத்தோரு ஆட்டங்களையும் ஜெயித்ததாக அவர் சொன்னதையும் அப்படியே அச்சடித்தீர்களே! அதில் ஒன்றை ஆடியவன் நான்.

முப்பது நாளுக்குள் எவருடைய பதில் நகர்த்தல் போய்ச் சேரவில்லையோ அவர் தோற்றவர் என்பது விதி. போன வருஷம், இருபத்துமூன்றாம் நகர்த்தலில் அவரை மடக்கினேன். தபாலட்டையில் நல்ல தமிழில் எழுதினேன்: "குதிரையால் சிப்பாயை வெட்டிவிட்டேன். ராஜா இனித் தப்ப முடியாது." காடு முழுக்கக் கம்யூனிஸ்டுகளைத் தேடும், தபாலையும் போலீசு படிக்கும் காலம் என்பது அந்த நேரம் நினைவில் இல்லை. மூன்றாம் நாள் போலீசு லாரி வந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரை. மொழிபெயர்க்க, ரஹாங் ஊர்க்காரர் முருகையா; கேள்வி கேட்டதும் அவர்தான்.

"என்ன கிராணி, எந்தக் கேம்பு சிப்பாய் அது?"

"அது கட்டைங்க. விளையாட்டு."

"சிப்பாய வெட்டுறது உனக்கு விளையாட்டா லா? குதிர எங்க?"

"அதுவும் கட்டைதாங்க."

முருகையா இதை மரக்குதிரை என்று மொழிபெயர்த்தார். துரை படித்தவர், மரக்குதிரைக்குள் ஒளிந்து கிரேக்கர்கள் ஊருக்குள் புகுந்த கதை தெரிந்தவர். முகம் வெளுத்துப்போய், "உள்ளே எத்தனை பேர்?" என்று கேட்டார். பிறகு என் வீடு, ஆபீசு, ரப்பர் ஸ்டோர் எல்லா இடத்திலும் குதிரை தேடினார்கள். என் மனைவி நீலாவதிதான் சதுரங்கப் பெட்டியைத் திறந்து நீட்டினாள். "இதாங்க அந்தக் குதிர. காது ஒடிஞ்சிருக்கு. புடிச்சிக்கிட்டுப் போங்க. கூடவே இவரையும் கூட்டிக்கிட்டுப் போங்க, ஞாயித்துக்கிழமையாச்சும் மனுசி நிம்மதியா இருப்பேன்."

இருவரையும் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாளில் நான் திரும்பிவிட்டேன். குதிரை இன்னும் வரவில்லை. இன்னொரு அட்டை எழுதினால் மறுபடி உள்ளே என்று எச்சரித்தார்கள். முதல் அட்டையையும் ஒன்றரை மாதம் கழித்துத்தான் விட்டார்கள். அதற்குள் அமிர்தலிங்கத்திடமிருந்து கடிதம்: "நாள் கடந்துவிட்டது. ஆட்டம் எனக்கு. அடுத்த முறை சுறுசுறுப்பாக ஆடவும்." சுறுசுறுப்பாம்! லாக்கப்பில் குந்தியிருந்தவனுக்கு!

ஆகவே வெற்றி நாற்பதுதான், மீதி ஒன்று லிங்கியிலேயே இருக்கும் கிராணியுடையது என்று திருத்தம் போடுங்கள். தங்களுக்குச் சந்தாக்கள் பெருகட்டும். அச்சுக் கோப்பவர் கண்ணுக்கு ஒளி கிடைக்கட்டும்.

பி.கு.: தங்களுக்குப் படம் வரைந்து அனுப்பலாம் என்று இப்போது பலகையில் அந்த ஆட்டத்தை அடுக்கினேன், குதிரைக்குப் பதில் ஒரு புளியங்கொட்டையை வைத்து. குதிரை சிப்பாயை வெட்டப் போனதும், அதுவரை அது மறைத்திருந்த வழி திறந்துகொள்கிறது. அவருடைய மந்திரி நேரே இறங்கினால் ஒரே நகர்த்தலில் என் ராஜா காலி. "அப்ப போலீசு வந்துதான் ஒங்க மானத்தக் காப்பாத்திருக்கு," என்கிறாள் நீலாவதி. இருக்கலாம். ஆனால் அமிர்தலிங்கம் அந்த வழியைக் கண்டிருப்பார் என்பது என்ன நிச்சயம்? திருத்தத்தைப் போடுங்கள். கடிதத்தைக் கிழிக்க மனமில்லை, தபாலில் சேர்க்கிறேன்; கையெழுத்து மட்டும் போடப்போவதில்லை.