நாற்பத்தேழாவது

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பால்கனியில் மகள் போனில் பேசியது காதில் விழுந்தது.

"தங்கிடுச்சு. இந்தத் தடவை நிச்சயமாத் தங்கிடுச்சு. அப்பாகிட்ட இன்னும் சொல்லலை."

மாஸ்டர் நுரையை விழுங்கிவிட்டார். மகளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

கத்தியிருப்பார். ஆனால் தாயில்லாத பெண். ஒற்றை ஆளாக வளர்த்து, ஆராய்ச்சிக்கூடம் வரை படிக்கவைத்து, கண்டவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்ட பெண். அடுத்தவர் தடுமாறினால் தன் காலைப் பிரேக்கில் வைப்பதுதானே அவர் தொழில். அவள் கிளம்பிப் போன கையோடு அவரும் அவளுடைய ஆய்வகத்துக்குப் பஸ் ஏறினார்.

ஆய்வகத் தலைவி, நரைத்த கிராப்பு வைத்த அம்மாள், இன்னாருடைய அப்பா என்று அவர் சொன்னதும் எழுந்து நின்று வரவேற்றார்.

"உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சா? இங்க எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்."

"எல்லாருக்குமா?" மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "யாரும்மா இதுக்குக் காரணம்?"

"ஒருத்தரைச் சொல்ல முடியாது சார். பத்துப் பேர் சேர்ந்து செஞ்சது. நானும்தான்."

மாஸ்டர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"முதல்ல ரெண்டாச்சு, அப்புறம் நாலாச்சு. இப்ப ஆயிரக்கணக்குல இருக்கு. பெட்டிக்குள்ள கதகதப்பா வெச்சிருக்கோம். பாக்கறீங்களா?"

"எத்தனையா இருந்தாலும் சரி," என்றார் மாஸ்டர். "எல்லாம் என் பேரப்பிள்ளைங்கதான். நான் வளர்க்கறேன். அவளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க."

கதவருகே வந்து நின்ற மகள் இதைக் கேட்டுவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், அப்பாவைக் கைப்பிடித்து அழைத்துப்போய் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காரவைத்தாள்.

"மனுஷ செல்லுல நாப்பத்தாறு குரோமோசோம்ப்பா. நாங்க புதுசா ஒண்ணு கட்டி உள்ள வெச்சோம். செல் பிரியறப்பல்லாம் அது தொலைஞ்சு போயிட்டே இருந்துச்சு. இப்பதான் தங்குது. ஜீன் பழுதாகிப் படுத்துக் கிடக்கற பிள்ளைங்களுக்கு, நல்ல ஜீனை இதுல ஏத்தி அனுப்பலாம். அதுக்கு இன்னும் பல வருஷ வேலை இருக்கு."

கறுப்புக்குள் நீலத் திட்டுகள்; அவற்றுக்கு நடுவே கடுகளவு பச்சைப் பொட்டு. மாஸ்டர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இந்தப் பச்சையா? நீ கட்டினதா?"

"ஆமாப்பா."

திரும்பி வெளியே வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கேட்டில் நின்ற காவலாளியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"விஷயம் தெரியுமாப்பா? என் பொண்ணு குரோமோசோமே கட்டியிருக்கா."

"தெரியும் சார்," என்றார் காவலாளி. "உங்க மாப்பிள்ளைதான் காலைல எல்லாருக்கும் காபி வாங்கிக் குடுத்துச் சொன்னாரு."