ரெட் கார்டு அண்ணன் கழற்றிய பூட்ஸ்

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை ரெட் கார்டு அண்ணனிடம் திட்டு வாங்காத மனிதன் கிடையாது. மைதானத்தில் மேய வந்த மாடுகள்கூட வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கின்றன. கால்பந்து ஆடிய காலத்தில் டிஃபென்ஸில் நின்றவர். எதிரணி ஆள் பந்தோடு வந்தால் பந்தை விட்டுவிட்டு ஆளை எடுப்பார். கேட்க வந்த ரெஃப்ரியையும் விடமாட்டார். சிவப்பு அட்டை வாங்கி வாங்கி அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கடைக்கு மட்டும்தான் தெரியும்.

முழங்கால் போய்க் கோச் ஆனார். இனி அடங்குவார் என்று நினைத்தோம். எங்கே? அப்போதும் ஆட்டத்துக்கு ஆட்டம் அட்டை கொடுத்து வெளியே துரத்தினார்கள். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நிற்கும் தண்ணி லாரி மேல் ஏறி அங்கிருந்து கத்துவார். ஒருமுறை டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து, மேலே ஆள் இருப்பது தெரியாமல் வண்டியை எடுத்துவிட்டார். "லெஃப்ட்ல போட்றா சோம்பேறி!" என்ற குரல் பொழிச்சலூர் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. லெஃப்டில் போட்டுத்தான் அன்று ஜெயித்தோம் என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஆனால் அவர் மேல் எனக்கு இருந்த கோபத்துக்குக் காரணம் வேறு. நான் அவருடைய ஸ்ட்ரைக்கர். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் தண்டச்சோறு என்று பெயர் வாங்கியிருந்த நேரம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை இருந்தது. ஆள் எடுக்கும் அதிகாரிகள் எங்கள் ஃபைனலைப் பார்க்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதியில் கோல் போட்டேன். இரண்டாம் பாதியில் முழங்கால் ஒரு திருகு திருகியது. உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். சத்தியமாக யாருக்கும் தெரியவில்லை, அவரைத் தவிர.

அவரோ வழக்கம்போல அட்டை வாங்கிச் சுவருக்கு வெளியே இருந்தார். ஆளை மாற்றும் உரிமை கிடையாது. "அவன வெளிய இட்டுகினு வாடா!" என்று உதவிக் கோச்சைப் பார்த்துக் கத்தினார். என் வேலை விஷயம் தெரிந்த உதவிக் கோச், காது கேளாதவர்போல நின்றார். ரெட் கார்டு சுவரேறிக் குதித்து, நடுமைதானத்தில் என்னைத் தள்ளி, தொடைமேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாண்ணா பண்ற? ஆபீசருங்க பாத்துகினு கீறாங்க!"

"பாக்கட்டும். முட்டி வீங்கிக் கீது, ஓடிகினு கீறியா கசுமாலம்?"

இரண்டு பூட்ஸும் சுவருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தன. வெறுங்காலோடு ஆட விடமாட்டார்கள். அதிகாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலை வேறொருவனுக்குப் போனது.

அன்று மாலை நொண்டிக்கொண்டே போய், அவர் வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கத் திட்டினேன். அதிசயமாக அவர் திருப்பித் திட்டவில்லை. லுங்கியைத் தூக்கிக் காலைக் காட்டினார். முழங்கால் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் சுவரேறியிருக்கிறார்.

"வலி தெரியாம ஊசி போட்டு ஆட வுட்டானுங்க. நானும் ஆடுனேன். வேலைக்கி மறுபடி மனு போடலாம்டா. இதுக்கு யாராண்ட போய் போடுவ?"

என் கோபத்தில் அது மண்டையில் ஏறவில்லை. அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். கால் சரியானது, வேறு வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. பேசவில்லை.

போன வாரம் தாம்பரம் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். "யோவ் பெருசு, ஏறு, இல்ல ஓரமா போ" என்றான் பின்னால் வந்தவன். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"டேய், கைய எடு. ஃபவுலு அது" என்றார் ரெட் கார்டு. யார் யாருக்குச் சொல்வது!

பிறகு கேட்காமலே என் தோளில் கையைப் போட்டு ஏறினார். என் தொப்பையைத் திட்டிக்கொண்டே வந்தார். அந்தப் படிக்கட்டு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.