மேசை அண்ணனும் இரவு ஷிப்ட் பஸ்ஸும்

மலேசியாவில் எங்கள் கூலிம் ஊரிலிருந்து இணையத்துக்குப் போன பக்கங்களில் மிக அவலட்சணமானவை எல்லாம் ஒரே மனிதர் கையால் பிறந்தவை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். டயர் கடைக்கு மேல்மாடியில் வலைப்பக்கம் கட்டிக் கொடுக்கும் எங்கள் அலுவலகத்தில் அவர் மேசை அண்ணன். இந்தத் தொழிலில் வரிசையும் கட்டமுமாக எதையாவது காட்ட வேண்டுமென்றால் டேபிள் போடுவோம். இவர் எல்லாவற்றுக்கும் டேபிள் போடுவார். கடையின் பெயருக்கு ஒன்று, அதற்குள் முதலாளி படத்துக்கு ஒன்று, அதற்குள் தொலைபேசி எண்ணுக்கு இன்னொன்று. இவர் கட்டிய முடிதிருத்தும் கடைப் பக்கத்தைத் திருத்தப் போய், எந்தக் கட்டம் எங்கே மூடுகிறது என்று தெரியாமல் மத்தியானச் சாப்பாட்டையே மறந்தவன் நான்.

நிறத்தையும் எழுத்தின் அளவையும் தனிக் கோப்பில் ஒரு தடவை எழுதி வைத்தால் போதும், பக்கம் முழுக்க அதன் பேச்சைக் கேட்கும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அண்ணன் அதை ஒவ்வொரு வரியிலும் புதிதாக எழுதுவார்.

"ஏண்ணே இப்படி சூசா பண்ணிக் கஷ்டப்படுறீங்க? தனி ஃபைல்ல போடுங்கலா."

"தம்பி, சோத்துக்கு உப்பு வேணும்னா சோத்துல போடணும். பக்கத்து வீட்டுல போட்டுட்டு, 'ஏய் உப்பு, இங்க வா'ன்னு கூப்பிடுவியா?"

பெண்டாங்கில் நெல் அறுக்கும் இயந்திரம் வாடகைக்கு விடுகிறவர் தன் பக்கத்தின் பச்சை எழுத்தை மஞ்சளாக்கச் சொன்னார். எனக்கு அது ஒரு வரி வேலை. அண்ணன் வரி வரியாக மாற்றி முடிப்பதற்குள் வயலே மஞ்சளாகி அறுப்பு வந்துவிட்டது. அப்படியும் 'எங்களை அழைக்க' என்ற வரி மட்டும் பச்சையாகவே நின்றது. "கண்ணுக்குக் குளிர்ச்சிலா" என்றார், கூச்சமே இல்லாமல்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் மேனேஜர் சரோஜா அக்கா பஸ் வேலையைக் கொடுத்தார். பேக்டரித் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் பஸ் முதலாளி ஒருவர்தான் எங்களுக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர். அவர் கைவிட்டால் எல்லார் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். அவருக்கு வேண்டியது காலை, மத்தியானம், இரவு ஷிப்டுகளுக்கான பஸ் நேர அட்டவணை. நியாயமாகப் பார்த்தால் டேபிள் போட வேண்டிய இடமே அதுதான். வாழ்நாளில் ஒரே ஒரு முறை அண்ணன் சரியான இடத்தில் டேபிள் போட்டார். அதுவே வேட்டு வைத்தது.

அட்டவணையின் அகலத்தை அலுவலகத்துப் பெரிய திரைக்கு அளந்து நிறுத்திவிட்டார். கைப்பேசியில் திறந்தால் காலை தெரிந்தது, மத்தியானம் தெரிந்தது. இரவு ஷிப்ட் திரைக்கு வெளியே வலப்பக்கம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. இரவு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று முடிவுகட்டி, சிடாம் கிரி ஸ்டாப்பில் ஏறும் தொழிலாளர்கள் எல்லாரும் சந்தோஷமாகப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார்கள். பஸ் டிரைவரை மட்டும் ஏற்றிக்கொண்டு பேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் பஸ் முதலாளி மாடிப்படி அதிர ஏறி வந்தார். "காலி பஸ்ஸு ஓட்டவா உங்களுக்குக் காசு கொடுத்தேன்? இன்னிக்கு ராத்திரி பஸ் நெறையலன்னா கான்ட்ராக்ட் கட்!"

அண்ணன் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்து முடித்துவிட்டு எதையோ தட்டினார். பக்கத்தின் தலையில் சிவப்பு எழுத்து மினுக் மினுக்கென்று வந்து நின்றது: 'போனைச் சாய்த்துப் பிடிக்கவும்.'

"இதுதான் சரி பண்ற லட்சணமாண்ணே?" என்றேன்.

"கழுத்தையா சாய்க்கச் சொன்னேன்? போனைத்தான்லா."

சரோஜா அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணே, எந்திரிங்க. தம்பி செய்யட்டும்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "டேபிள எடுக்கப் போறியா?"

"ஆமாண்ணே."

"அப்ப எனக்கு இங்க என்ன வேலை?" தன் குவளையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனவர் திரும்பவே இல்லை.

நான் டேபிளைத் தூக்கி எறிந்துவிட்டு, ஷிப்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நாகரிகமான பெட்டிகளில் அடுக்கினேன். பார்க்க அழகோ அழகு. ஒரு மணி நேரத்தில் தொழிலாளர்கள் போன் மேல் போன் போட்டார்கள். "எந்த ஸ்டாப்புக்கு எந்த பஸ்ஸுன்னு மேலயும் கீழயும் தள்ளித் தள்ளியே வெரல் தேஞ்சிருச்சி! பழைய மாதிரி கட்டம் போட்டுக் குடுங்கலா!"

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் டேபிள் போட்டேன், கைப்பேசிக்குள் அடங்கும் அகலத்தில். இரவு பஸ் நிறைந்து போனது. கான்ட்ராக்ட் பிழைத்தது. மறுநாள் அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

"அண்ணே, கடைசில டேபிள்தான் போட்டேன்."

"எத்தன?"

"ஒன்னுதாண்ணே."

"ஒன்னு பத்தாதுலா தம்பி" என்று போனை வைத்துவிட்டார்.

ஜன்னலோரம் அவருடைய மேசை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யாராவது அதில் உட்காரப் போனால், "அது வேணாம், ரோசாக், கால் ஆடும்" என்று பொய் சொல்லி வேறு இடம் காட்டிவிடுகிறேன்.